உருளை வெட்ட வராத கல்

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தார்கள். மேலே அக்கா, தனியாள். கீழே தங்கையும் அவள் கணவரும் பள்ளிக்குப் போகிற மகளும். அக்காவுக்கு எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை. பாறைக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து, அந்தப் பாறைக்குள் எந்த மாதிரித் துளைகள் இருக்கின்றன என்று சொல்வது அவள் தொழில். தங்கை கணவருக்கு அதே நிறுவனத்தின் துளையிடும் களத்தில் வேலை. கிணறு இறங்க இறங்க அதற்குள் ஊற்றுகிற சேற்றுக் கலவைக்கு அவர்தான் பொறுப்பு. அந்தச் சேற்றின் எடைதான் கீழே அழுத்தத்தோடு கிடக்கும் வாயுவை மேலே வராமல் அமுக்கி வைத்திருக்கும். களத்தில் அவருக்குச் 'சேத்து டாக்டர்' என்று பெயர்.

"ஒருத்தி கல்லைக் கட்டிக்கிட்டு அழறா, ஒருத்தரு சேத்தைக் கட்டிக்கிட்டு அழறாரு. வீட்டைக் கூட்டிப் பெருக்க மட்டும் நான் ஒருத்தி" என்பாள் தங்கை. அவள் அலுத்துக்கொண்டு சொன்னாலும் முகத்தில் சிரிப்பு இருக்கும். அவர் களத்திலிருந்து விடுப்பில் வரும் நாள்களில் கீழ் வீட்டில் குரல்கள் உரத்திருக்கும், அக்கா மாடியில் அடுப்புப் பற்றவைக்கவே மாட்டாள்.

அந்த ஆண்டு நிறுவனம் ஆழத்திலிருந்த ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கில் முதல் கிணற்றைத் தோண்டி முடித்திருந்தது. வாயு இருந்தது. அடுக்கின் நடுவிலிருந்து நீண்ட கல்தண்டுகளாகப் பாறையை வெட்டி எடுத்து வந்திருந்தார்கள். அந்தத் தண்டுகளிலிருந்து விரல் நீளத்துக்குச் சிறு உருளைகளை அறுத்து, அவற்றுக்குள் ஒலியைச் செலுத்திப் பார்த்தாள் அக்கா. ஒலி வேகமாகப் போனது. அப்படியென்றால் துளைகள் உருண்டையானவை. எப்போதோ கடலடியில் புதைந்த கிளிஞ்சல்கள் கரைந்துபோன இடத்தில் மிஞ்சிய வெற்றிடங்கள். உருண்டைத் துளை வளைவு வைத்துக் கட்டிய கூரை மாதிரி, அமுக்கினால் அசையாது. அதனால் கல் விறைப்பாக இருக்கும், ஒலி ஓடும். அப்படிப்பட்ட துளைகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகக் கிடக்கும். வாயு அதனதன் குழிக்குள் அடங்கியிருக்கும். தோண்டுகிறவர்களுக்குத் தொல்லை இல்லாத பாறை.

ஆனால் கிணற்றுக்குள்ளேயே கருவியை இறக்கி அளந்தபோது அதே அடுக்கில் ஒலி மெதுவாகப் போயிருந்தது. ஆய்வகத்துக் கல் ஒன்று சொன்னது, கிணறு வேறொன்று சொன்னது.

தலைமைப் புவியியலாளர் இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டார். அவர் எதற்கும் சராசரி எடுப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவரைச் 'சராசரி சார்' என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். "சராசரியா இருந்துதான் இவ்வளவு வருஷம் தள்ளியிருக்கேன்" என்று அவரே சிரிப்பார். கெட்ட மனிதர் இல்லை. நடு எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாவது கிணற்றுக்குத் திட்டம் போட்டார்கள், வேலையும் தொடங்கிவிட்டது.

அக்காவுக்கு மட்டும் அந்த இரண்டு எண்களும் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தன. ஒருநாள் காலை, கல்தண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்குப் போனாள். இரும்பு அடுக்குகளில் மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. முதல் சில பெட்டிகளில் நல்ல முழுக் கற்கள். உருளை அறுத்த இடங்களில் வட்டவட்டமாக ஓட்டை. அவளுடைய உருளைகள் எல்லாம் இங்கிருந்து போனவைதான். கீழ் அடுக்கில் இருந்த பெட்டிகள் ஒட்டுநாடா பிரிக்காமல் கிடந்தன.

"இதெல்லாம் ஏன் திறக்கல?" என்று கல் அறுப்பவரிடம் கேட்டாள்.

"அது உடைஞ்சதுங்க. மேல கொண்டு வரும்போதே நொறுங்கிடுச்சுன்னு எழுதி அனுப்பியிருந்தாங்க. அதுல எங்க உருளை வெட்டுறது? தொட்டா உதிருது."

அவள் நாடாவைக் கிழித்தாள். உள்ளே கைப்பிடி கைப்பிடியாகக் கல்சில்லுகள். ஒரு சில்லை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். உடைந்த முகம் பளபளத்தது. உப்புப் பூத்தது போல அதன்மேல் மணிமணியாகப் படிகம் வளர்ந்திருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இருந்தது. அடுத்ததிலும்.

மேலே கொண்டுவரும்போது உடைந்த கல்லில் படிகம் வளராது. அது வளர யுகங்கள் வேண்டும், இடைவெளியும் வேண்டும். இந்தக் கல் வெளியே வந்து உடையவில்லை. பூமிக்குள்ளேயே விரிசல் விட்டு, அந்த விரிசல் மூடாமல், வாய் திறந்தபடி கிடந்திருக்கிறது.

அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. விரிசல் என்பது காகிதம் போலத் தட்டையான துளை. அளவில் கொஞ்சம்தான். ஆனால் அமுக்கினால் உடனே அமுங்கும், ஒலியைத் தளர வைக்கும். கீறல் விட்ட பானையைத் தட்டினால் காதுக்கே தெரிகிறதல்லவா, அதேதான். உறுதியான கல்லில் மட்டும்தான் உருளை வெட்ட முடியும். உறுதியான கல் மட்டும்தான் அவள் மேசைக்கு வந்தது. அவள் அளந்ததெல்லாம் உடையாத பகுதியை. கிணறு அளந்தது முழுவதையும்.

இரண்டாவது கிணற்றில் துளை அந்த அடுக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. விரிசல்கள் அங்கேயும் இருந்தால் தனித்தனிக் குழிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். கனமான சேறு விரிசல்களுக்குள் பாய்ந்து ஓடிவிடும். கிணற்றில் சேற்று மட்டம் இறங்கினால் அமுக்க எடை இருக்காது. வாயு மேலே வரும். அந்த அடுக்கின் வாயுவில் விஷம் கலந்திருந்தது.

சராசரி சார் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். சில்லைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, அருகில் வைத்துப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்றீங்களா?"

"நிறுத்தி, சேத்து எடையைக் குறைச்சு, அடைக்கிற சாமான் எல்லாம் கொண்டுபோய் வச்சுட்டு அப்புறம் தோண்டலாம்."

"மேல கேப்பாங்களே, உறுதியா விரிசல்தானான்னு."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "உறுதின்னு சொல்ல முடியாது சார். மாவு மாதிரி நுண்ணிய துளைங்க இருந்தாலும் ஒலி மெதுவாகும். ஆனா இந்தக் கல்லைப் பாத்தப்புறம் நான் விரிசல்னுதான் நினைக்கிறேன். அதோட அது முதல் கிணறு. ரெண்டாவதுல எப்படியோ."

அவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு களத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'விரிசல்களுக்கு வாய்ப்பு உண்டு, கவனமாகத் தொடரவும்.' நிறுத்து என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அந்த மாதிரிச் செய்திகள் களத்துக்கு வாரம் முழுவதும் வந்துகொண்டிருக்கும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் அலுவலகப் படிக்கட்டில் நின்று தங்கை கணவருக்குப் போன் செய்தாள். அன்றைக்கு அவர் விடுப்பில் கிளம்பும் நாள் என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க அண்ணி. வண்டி வாசல்ல நிக்குது, பையை வச்சுட்டேன். வீட்டுக்கு ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேணாம். நீங்க வந்து சேர்ந்தா போதும்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, படிகம், இரண்டு எண்கள்.

அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் தொழில்காரனின் கேள்விகள். விரிசல் எவ்வளவு அகலம் இருக்கும்? அடுக்கின் மேற்பகுதியிலா, நடுவிலா? படிகம் விரிசலை அடைத்திருக்கிறதா, ஓரத்தில் மட்டுமா?

"ஓரத்துலதான். நடுவுல திறந்திருக்கு."

"அப்ப ஓடும்" என்றார் அவர். "குடிகாரன் கையில சம்பளம் மாதிரி ஓடும்."

"மாப்பிள்ளை, நீங்க வண்டியில ஏறிடுங்க."

"எனக்குப் பதிலா வந்திருக்கிறவரு நல்ல மனுஷன்தான் அண்ணி. ஆனா இந்த மாதிரிப் பாறையில வேலை செஞ்சதில்ல. நான் இதைச் சொன்னா 'செய்தி வந்துச்சு, பாத்தேன்'ம்பாரு. செய்தியில என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"அவருகிட்ட நான் பேசுறேன்."

"உங்க பேச்சை நான் நம்புவேன். அவரு ஏன் நம்பணும்?" அவர் சிரித்தார். "அடுக்கைத் தாண்டற வரைக்கும் இருந்துட்டு வர்றேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, தாயே. வண்டி ரிப்பேர்னு நான் சொல்லிக்கிறேன். அவளுக்குத் தெரிஞ்சா நடந்தே இங்க வந்துடுவா."

அவள் "பாத்து இருங்க" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தங்கை வாசலில் நின்று வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "கிணறு தோண்ட கோடிக் கணக்குல மெஷின் வாங்குவாங்களாம், ஆளுங்களைக் கொண்டு விட ஒரு நல்ல வண்டி வாங்க மாட்டாங்களாம். உன் ஆபீஸ்தானே, கேக்க மாட்டியா நீ?"

"கேக்கறேன்" என்றாள் அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாடிக்குப் போனாள்.

நடந்ததை எல்லாம் அவள் பிறகு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். போன் வைத்த உடனே அவர் வண்டியிலிருந்து பையை எடுத்துவிட்டார். கிடங்கிலிருந்த அடைப்புச் சாமான் அத்தனையையும், நார், கொட்டை ஓட்டுத் தூள், உமி என்று எல்லாவற்றையும் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்க வைத்தார். கூடுதலாக ஒரு தொட்டி நிறையக் கனச் சேறு கலந்து தயாராக வைத்தார். காற்று உருளை மாட்டிய முகமூடிகளை ஒவ்வொருவர் கைக்கும் எட்டும் இடத்தில் தொங்கவிட்டார். எந்தப் பக்கம் காற்று வீசுகிறது, சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஆள்களைக் கூட்டி இரண்டு முறை சொன்னார். "டாக்டர் இன்னைக்கு ரொம்பத்தான் வைத்தியம் பாக்கறாரு" என்று சிலர் கேலி செய்தார்களாம்.

மறுநாள் முற்பகலில் துளை அடுக்குக்குள் இறங்கியது. இறங்கிய கொஞ்ச நேரத்தில் உள்ளே ஊற்றிய சேறு மேலே திரும்பி வருவது நின்றுபோனது. ஊற்ற ஊற்றக் கிணறு குடித்தது. அவர் அடைப்புச் சாமானைக் கலந்து கலந்து அனுப்பினார். பாதி அடைபட்டது. அதற்குள் வாயு ஏறத் தொடங்கிவிட்டது. துளையிடும் இயந்திரத்தை இயக்கும் டிரில்லர் கிணற்றின் வாயை மூடினார், ஆனால் அதற்கு முன்பே வாயு கலந்த சேறு தொட்டிகள் இருந்த பக்கம் பொங்கி வழிந்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருந்தால்தான் அது நாறும். அதிகமானால் முதலில் மூக்கு செத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று மனிதன் நிம்மதியாக மூச்சு இழுப்பான்.

அவர் சங்கை ஊதினார். எல்லாரும் அவர் சொன்ன பக்கம் ஓடினார்கள். தயாராக வைத்திருந்த கனச் சேற்றை உள்ளே தள்ளினால்தான் கிணறு அடங்கும். அந்தத் தொட்டியின் வால்வு திருகாமல் மாட்டிக்கொண்டது. முகமூடியோடு அவர் போனார். திருப்பினார். உருளையில் காற்று தீர்ந்து வெளியே வந்து, வேறு உருளை மாட்டிக்கொண்டு திரும்பவும் போனார், வால்வு பாதிதான் திறந்திருந்தது என்பதால். சேறு ஓடத் தொடங்கியது. கிணறு அடங்கியது. அவர் வெளியே வரவில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், முகமூடி ஒரு பக்கமாக நழுவி, உட்கார்ந்த நிலையில் இருந்தார்.

வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அலுவலகத்தில் சராசரி சார் தானே அவளுடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அந்த மனிதர் கதவைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை. "உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். அவருக்கு அது தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது தங்கை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தோளில் அவருடைய சட்டைகள். அக்கா இந்த நேரத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததும், கையிலிருந்த துணியைக் கீழே போடாமல், மடித்து, கொடியிலேயே திரும்பப் போட்டாள்.

"யாருக்கு?" என்றாள்.

அக்கா அவள் தோளிலிருந்த சட்டைகளைப் பார்த்தாள்.

விசாரணை நடந்தது. 'எதிர்பார்க்க முடியாத நிலத்தடிச் சூழல்' என்று எழுதப் போனார்கள். சராசரி சார் எழுந்து, "எதிர்பாத்தோம். பாதிதான் எதிர்பாத்தோம். அந்தப் பாதியை எழுதினது நான்" என்றார். அதை அவர்கள் எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. அவர் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார். போகும்போது அக்காவைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார்.

அதற்குள் வீட்டில் நாள்கள் ஒரு மாதிரி நகரத் தொடங்கியிருந்தன. அக்கா கீழேதான் படுத்துக்கொண்டாள். தங்கையின் மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், தலை பின்னிவிட்டாள். தங்கை சமைத்தாள், சாப்பிடவில்லை. சில சமயம் அக்காவின் மடியில் தலை வைத்து வெறுமனே கிடப்பாள். போன் பேசியதைச் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா தினமும் நினைப்பாள். அந்தத் தலையின் கனம் தொடையில் இருக்கும்போது வாய் வராது.

ஒரு விடுமுறை நாள் காலையில் டிரில்லர் தன் மனைவியோடு வந்தார். கிணற்றின் வாயை மூடியவர் அவர்தான். தடித்த, கூச்சப்படுகிற மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கால் முட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு பயந்தாரா?" என்று தங்கை கேட்டாள். அதுவரை யாரிடமும் அவள் எதுவும் கேட்டதில்லை.

"பயந்தாரும்மா. பயப்படாதவன் அங்க முட்டாள். பயந்துக்கிட்டேதான் போனாரு." ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். "நாங்க எல்லாரும் இன்னைக்கு உயிரோட இருக்கோம்னா அதுக்கு நீங்களும் காரணம்மா. நீங்க மட்டும் அன்னைக்குப் போன் பண்ணலேன்னா அவரு வண்டியில ஏறியிருப்பாரு. நாங்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டோம். பையைத் திரும்ப எடுத்துக்கிட்டு வந்து, 'எங்க அண்ணி கல்லைப் பாத்துட்டுச் சொல்றாங்க, தப்பாது'ன்னு எங்களைக் கூப்பிட்டு வச்சுச் சொன்னாரு."

டிரில்லரின் மனைவி ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, கணவனின் கால் விரலைத் தொட்டாள்.

தங்கை அவர்களை வாசல்வரை கொண்டுவிட்டாள். "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றுகூடச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"நான் உன் முன்னாடி நின்னு வண்டியைத் திட்டினேன். நீ கேக்கறேன்னு சொன்ன."

"அவரு சொல்ல வேணாம்னாரு."

"அவரு ஆயிரம் சொல்வாரு! நீ என் அக்காவா, அவரு அக்காவா?"

"அவரைக் கிளம்பி வரச் சொல்லத்தான்டி பண்ணினேன். ஏறிடுங்கன்னுதான் சொன்னேன்."

"அவரைப் பத்தி உனக்குத் தெரியாதா? ஆத்துல ஆளு முழுகுதுன்னு சொல்லிட்டு, நீ மட்டும் கரையேறிடுன்னா அந்த மனுஷன் ஏறுவாரா? எனக்குத் தெரிஞ்சிருந்தா போன்லயே கத்தியிருப்பேன். புள்ளையைப் பேச வச்சிருப்பேன். அவ அழுதா வந்திருப்பாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவரைக் கொண்டு வந்திருப்பேன்."

"அப்ப அத்தனை பேரும்..."

"தெரியும். அந்த அம்மா பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாளே, அவ புருஷன் போயிருப்பான். தெரியுது எனக்கு. தெரிஞ்சும் சொல்றேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். நீ மேல போ."

அக்கா மேலே போனாள். அதன் பிறகு கீழ் வீட்டுக் கதவு அவளுக்காகத் திறக்கவில்லை. மகள் மட்டும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள், கீழிருந்து சாப்பாட்டு டப்பாவோ மேலிருந்து புத்தகமோ கொண்டுபோய்க்கொண்டு. தங்கை அவளைத் தடுக்கவும் இல்லை, எதையும் சொல்லி அனுப்பவும் இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கி வழிவிடுவாள், வீட்டுக்கு வந்த மீட்டர் கணக்கெடுப்பவருக்கு விடுவது போல.

அக்கா கிடங்கிலிருந்த உடைந்த கல் பெட்டிகளை எல்லாம் திறக்க வைத்தாள். உருளை வெட்ட முடியாதவற்றைப் பசை ஊற்றி இறுக்கி, மெல்லிய தகடாகச் சீவி, விரிசல்களை ஒவ்வொன்றாக அளந்தாள். அளவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, ஆய்வகத்துக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அப்படியே விரிசல்களின் கணக்கில் வந்து விழுந்தது. கணக்கு இத்தனை சுத்தமாகப் பொருந்தி அவள் பார்த்ததில்லை. முடித்த அன்று கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதே அடுக்கில் மூன்றாவது கிணறு தோண்ட முடிவானபோது, தானும் களத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். புதுத் தலைமை அதிகாரி எதற்கு என்று கேட்டார். "செய்தி அனுப்பினா யாரும் படிக்கிறதில்ல" என்றாள். கிளம்பும்போது கீழ்க் கதவுக்கு முன்னால் நின்று, "போயிட்டு வர்றேன்" என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்தது.

இந்த முறை எடை குறைந்த சேறு. அடைப்புச் சாமான் மலைபோலக் குவிந்திருந்தது. துளை அடுக்கைத் தொட்டதும் சேறு ஓடியது, அவள் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே. நிறுத்தினார்கள், அடைத்தார்கள், கொஞ்சம் இறங்கினார்கள், மறுபடியும் அடைத்தார்கள். அவள் தொட்டிகளின் பக்கம் போகவே இல்லை. போகாமல் சுற்றிப் போனாள். அடுக்கைத் தாண்டி இரும்புக் குழாயை இறக்கி, சிமெண்டு ஊற்றி முடித்த அன்று பிற்பகல் டிரில்லர் வந்து, "முடிஞ்சுதும்மா" என்றார்.

அவள் தங்கும் அறைக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். மணி நீண்ட நேரம் அடித்தது. மகள்தான் எடுத்தாள். பின்னால் யாரோ ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது.

"பெரியம்மா, அம்மா வீட்ல இல்லன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "சரி கண்ணு. அம்மா வந்ததும் சொல்லு. வேலை முடிஞ்சுது. இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

மகள் போனைக் கையால் மூடாமலேயே திரும்பி, ஒரு சொல் விடாமல் அதை ஒப்பித்தாள். நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் வந்தது, யாரோ எழுந்தது போலவோ, உட்கார்ந்தது போலவோ.

"வச்சிடவா பெரியம்மா?"

"அம்மா வைக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. ஒண்ணுமே சொல்லல."

"அப்ப கொஞ்ச நேரம் இரு" என்றாள் அக்கா. மகள் அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.